நோயைக் காரணம் காட்டி ஒரு மாநிலம் அமெரிக்க எல்லையை மூடலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: அமெரிக்காவின் தெற்கு எல்லையில் தொற்றுநோய் அபாயம் என்று டெக்சாஸ் போன்ற ஒரு மாநிலத்தின் ஆளுநர் அறிவித்தால், வாஷிங்டனின் சம்மதம் இல்லாமல் அவரால் எல்லையை மூட முடியுமா? நோயைச் சொல்லி வாஷிங்டன் மூடிய எல்லையை வாஷிங்டனே திறக்கப் போனால், அதை அவரால் தடுக்க முடியுமா?

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: முடியாது. சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொன்னால் இரண்டாவதற்கும் அதே விடைதான். ஆனால் 2022 மே முதல் 2023 மே வரை, ஏறத்தாழ ஓராண்டு, மாநிலங்கள் அதைச் செய்து காட்டின. தங்கள் அதிகாரத்தைப் பயன்படுத்தி அல்ல. மத்திய அரசு தன் அதிகாரத்தைக் கையாண்ட முறையில் ஓட்டையைக் கண்டுபிடித்து. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஆளுநரை நம் ராஜ்பவன் ஆளுநராக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். நம் கணக்கில் முதலமைச்சர். அவருக்கு மேலே தலைநகரம் அனுப்பிவைத்த ஆள் யாரும் இல்லை.

இந்திய அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, துறைமுகத் தனிமைப்படுத்தல் ஒன்றியத்துக்கு, பொதுச் சுகாதாரம் மாநிலத்துக்கு, மாநிலம் விட்டு மாநிலம் நோய் பரவாமல் தடுப்பது இருவருக்கும் என்று பிரித்து எழுதிவைத்திருக்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. பொதுச் சுகாதாரம் என்ற பேச்சே அதில் இல்லை. மத்திய அரசுக்கு இன்னின்ன அதிகாரங்கள் என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்கிறது பத்தாவது திருத்தம். அந்த மீதத்தில்தான் நோய்த்தடுப்பு வருகிறது. ஆனால் வெளிநாட்டு வணிகமும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகமும் மத்திய அரசின் கையில். துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வருகிறது, அதில் காய்ச்சலோடு ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். அவர் நோயாளி என்பதால் மாநிலத்தின் பொறுப்பு. பயணச்சீட்டு வாங்கி வந்தவர் என்பதால் வெளிநாட்டு வணிகத்தின் ஒரு பகுதி. வேற்று நாட்டவர் என்பதால் குடியேற்றச் சட்டத்துக்கு உட்பட்டவர். இருநூறு ஆண்டு வழக்குகள் அத்தனையும் இந்த ஒரே ஆளை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற சண்டைதான்.

தொடக்கத்தில் கை ஓங்கியிருந்தது மாநிலங்களுக்கே. 1793இல் அன்றைய தலைநகரமான பிலடெல்பியாவை மஞ்சள் காய்ச்சல் சூறையாடியது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1796இல் தனிமைப்படுத்தல் பற்றிய முதல் மத்தியச் சட்டம் வந்தது. எந்தக் கப்பலை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுக்கும் வாசகம் மசோதாவில் இருந்தது. நாடாளுமன்றம் அதை வெட்டி எறிந்தது. மிஞ்சியது, மாநிலங்களின் தனிமைப்படுத்தல் சட்டங்களை நிறைவேற்ற மத்திய அதிகாரிகள் உதவலாம் என்பது மட்டும். 1799இல் அதற்குப் பதில் வந்த சட்டமும் அதே போக்குதான். அதன் எச்சம் இன்றும் மத்தியச் சட்டத் தொகுப்பில் கிடக்கிறது: ஒரு மாநிலத்தின் சுகாதாரச் சட்டம் கப்பல்களுக்கு விதிக்கும் தடைகளை மத்திய சுங்க அதிகாரிகள் மதித்து நடக்க வேண்டும் என்கிறது அது. இன்றைய எல்லைக் காவல் அதிகாரி ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினால் சிரிப்பார். ஆனால் சட்டம் சட்டம்தான். 1824இல் கிப்பன்ஸ் எதிர் ஆக்டன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷலும், தனிமைப்படுத்தல் சட்டங்களும் சுகாதாரச் சட்டங்களும் மாநிலங்கள் மத்திய அரசிடம் ஒப்படைக்காத அதிகாரங்களின் பகுதி என்று எழுதினார்.

மாநிலங்கள் அந்தச் செல்வாக்கைக் கெடுத்துக்கொண்டது பணத்தால். நியூயார்க்கும் மாசசூசெட்ஸும் வந்திறங்கும் பயணிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டன. நோயாளிகளைப் பராமரிக்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். 1849இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கலிபோர்னியாவில் ஒரு குடிவரவு ஆணையர், சீனாவிலிருந்து வந்த பெண்களைத் தன் மனம்போல் ஒழுக்கமற்றவர்கள் என்று முத்திரை குத்தி, பிணைப்பணம் கட்டாவிட்டால் இறங்க விடாமல் நிறுத்தினார். 1876இல் வந்த சி லங் எதிர் பிரீமன் தீர்ப்பு அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்ததோடு, ஒரு மாநிலத்தின் அற்ப அதிகாரி ஒருவரால் நாடு முழுவதும் வெளிநாட்டோடு மோத நேரும் என்று எச்சரித்தது. அதே காலத்தில் மிசூரி, டெக்சாஸ் மாடுகள் நோய் கொண்டுவருகின்றன என்று சொல்லி மார்ச் முதல் நவம்பர் வரை ஒரு மாட்டையும் உள்ளே விடாமல் தடுத்தது. அதுவும் விழுந்தது. நோயுள்ள மாட்டைத் தடுக்கலாம். டெக்சாஸ் மாடு என்பதற்காகவே தடுக்க முடியாது. இந்தக் கோட்டை நினைவில் வையுங்கள். 2021இல் அதே கோட்டின் மேல்தான் டெக்சாஸ் ஆளுநர் தடுக்கி விழுந்தார்.

இதற்கு நேர்மாறாக, மாநிலத்தின் உச்சகட்ட வெற்றி லூசியானாவில் நடந்தது. 1878இல் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் மஞ்சள் காய்ச்சல் ஏறத்தாழ 20,000 பேரைக் கொன்றிருந்தது. ஊர்கள் துப்பாக்கியோடு ஆட்களை நிறுத்தி ரயிலையும் படகையும் விரட்டின. அதன் பின் 1879இல் தேசிய சுகாதார வாரியம் ஒன்றை அமைத்தார்கள். மாநிலங்களோடு மல்லுக்கு நின்று நான்கே ஆண்டுகளில் அது ஓய்ந்தது. அந்தப் பின்னணியில், 1898 செப்டம்பரில் பிரிட்டானியா என்ற பிரெஞ்சுக் கப்பல் மார்சேய், பலேர்மோ துறைமுகங்களிலிருந்து 400க்கும் மேற்பட்ட பயணிகளோடு லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை நோக்கி வந்தது. பெரும்பாலோர் இத்தாலியர்கள். எவருக்கும் நோயில்லை; புறப்பட்ட இடத்தில் சுகாதாரச் சான்றிதழும் வாங்கியிருந்தார்கள். ஆற்று முகத்துவாரத்திலிருந்த நிலையத்திலும் சோதனை முடிந்தது. ஆனால் நியூ ஆர்லியன்ஸில் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே நோய் பரவிய இடத்துக்குள் நோயில்லாத புதியவர்களை விட்டால் தீயில் விறகு போட்டது போலாகும் என்று மாநில சுகாதார வாரியம் தீர்மானம் போட்டது. சரி, பக்கத்து மாவட்டத்தில் இறக்குகிறோம் என்றது கப்பல் நிறுவனம். வாரியம் அந்த மாவட்டத்தையும் சேர்த்துத் தடை போட்டது. கப்பல் கடைசியில் புளோரிடாவின் பென்சகோலாவுக்குப் போனது.

வழக்கு 1902இல் முடிந்தபோது மாநிலம் 7-2 என்று வென்றது. தீர்ப்பை எழுதிய எட்வர்ட் ஒயிட் தாமே லூசியானாக்காரர். நோயில்லாதவர்களையும் மாநிலம் தடுக்கலாம். வெளிநாட்டு ஒப்பந்தமும் குறுக்கே வராது. 1893இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டமும் மாநில அதிகாரத்தை ஒழிக்கவில்லை. மாறுபட்ட நீதிபதிகள் பிரவுனும் ஹார்லனும் நியாயமாகவே கேட்டார்கள்: உடல்நலத்தோடு வந்த ஆட்களை நோய் தடுப்பு என்ற பெயரில் திருப்பி அனுப்பலாம் என்றால், இது வேறொன்றுக்கான சாக்கு அல்லவா? ஒரு மாநிலம் எல்லையில் நோயைச் சொல்லி ஆட்களைத் தடுக்கலாம் என்று வாதிடும் எவரும் இன்றும் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடும் ஒரு வரி உண்டு. நாடாளுமன்றம் தானே அந்தக் களத்தில் இறங்கிச் சட்டம் செய்யும் வரைதான் மாநிலச் சட்டம் நிற்கும் என்று 1886ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று சொல்லியிருந்தது. ஒயிட்டின் தீர்ப்பும் அதன் மேல்தான் எழுந்தது.

நாடாளுமன்றம் இறங்கியது. 1892இல் நியூயார்க் துறைமுகத்தில் காலரா கப்பல்கள் வந்து நின்ற பீதியில் பிறந்ததுதான் அந்த 1893ஆம் ஆண்டுச் சட்டம். மாநில விதிகள் போதாத இடத்தில் மத்திய விதிகள் வரலாம் என்றதோடு, நோய் பரவிய நாட்டிலிருந்து ஆட்களின் வருகையையே நிறுத்திவைக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தந்தது. 1929இல் மூளைக்காய்ச்சலைக் காரணம் காட்டி சீனா, பிலிப்பைன்ஸ் துறைமுகங்களிலிருந்து வரும் பயணிகளைக் குடியரசுத் தலைவர் ஹூவர் கட்டுப்படுத்தியது இந்தப் பிரிவில்தான். மாநிலத் தனிமைப்படுத்தல் நிலையங்களும் ஒவ்வொன்றாக மத்திய அரசிடம் போயின. நியூயார்க் 1921இல் ஒப்படைத்தபோது கதை முடிந்தது. யாரும் பிடுங்கவில்லை, செலவு தாங்காமல் விட்டுக்கொடுத்தார்கள். அமெரிக்கக் கூட்டாட்சியில் அதிகாரம் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறும். நீதிமன்றம் அல்ல, கருவூலம்தான் காரணம்.

நிலவழி எல்லையில் இந்த மாற்றம் எப்படி இருந்தது என்பதற்கு மெக்சிகோவை ஒட்டிய டெக்சாஸ் நகரமான எல் பாசோவைப் பார்க்கலாம். பேன் வழியாகப் பரவும் டைபஸ் காய்ச்சல் பற்றிய பீதியில் அந்த நகரத்தின் மேயர் டாம் லீ, மெக்சிகோவிலிருந்து வருபவர்களைத் தடுக்கச் சொல்லி வாஷிங்டனை நச்சரித்துக்கொண்டிருந்தார். 1917 ஜனவரியில் மத்திய சுகாதாரத் துறை சாண்டா ஃபே பாலத்தருகே குளியல் கூடம் திறந்தது. தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வரும் பெண்கள் ஆடைகளைக் கழற்றிக் கொடுத்து, பேன் இருக்கிறதா என்று சோதிக்கப்பட்டு, மண்ணெண்ணெயும் வினிகரும் கலந்த திரவத்தைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஜனவரி 28 காலை, வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பதினேழு வயது கார்மெலிதா தோரெஸ் டிராமிலிருந்து இறங்கிக் குளிக்க மறுத்தார். சற்று நேரத்தில் கூட்டம் சேர்ந்து டிராம் பாதையை மறித்தது. போராட்டம் அடங்கியது, குளியல் தொடர்ந்தது. பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. நோய் குறைந்த பிறகும் நடைமுறை நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கூச்சல் உள்ளூரில் தொடங்குகிறது, உத்தரவு வாஷிங்டனிலிருந்து வருகிறது. நூறு ஆண்டு கழித்தும் இந்த வரிசை மாறவில்லை.

இன்று நடப்பில் இருப்பது 1944ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சேவைச் சட்டம். அதில் இரண்டு பிரிவுகள் தெரிந்தால் போதும். 361ஆம் பிரிவு, வெளிநாட்டிலிருந்தும் மாநிலம் விட்டு மாநிலமும் நோய் பரவாமல் தடுக்க விதிகள் செய்யலாம், குறிப்பிட்ட நோய்களுக்கு ஆட்களைத் தடுத்தும் வைக்கலாம் என்கிறது. எந்தெந்த நோய் என்பதைக் குடியரசுத் தலைவரின் உத்தரவு பட்டியலிடுகிறது: காலரா, பிளேக், பெரியம்மை, மஞ்சள் காய்ச்சல், எபோலா வகைக் காய்ச்சல்கள் என்று அது நீளும். மத்திய உத்தரவோடு மோதாதவரை மாநிலச் சட்டம் செல்லும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 362ஆம் பிரிவு, 1893இன் வாரிசு. வெளிநாட்டில் உள்ள தொற்றுநோய் ஆட்களின் வருகையால் உள்ளே வரும் கடும் அபாயம் இருந்தால் அந்த வருகையையே நிறுத்திவைக்கலாம். இதில் மாநிலத்துக்கு எந்தப் பங்கும் தரப்படவில்லை, கலந்தாலோசிக்கக்கூடச் சொல்லவில்லை. சட்டத் தொகுப்பின் 42ஆம் தலைப்பில் இருப்பதால் செய்தித்தாள்கள் இதை டைட்டில் 42 என்று எழுதின.

அப்படியானால் மாநிலத்துக்கு ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது, உள்ளே வந்துவிட்ட ஆளின் மேல். 2014 அக்டோபரில் சியரா லியோனில் எபோலா நோயாளிகளைக் கவனித்துவிட்டு நியூவார்க் விமான நிலையத்தில் இறங்கிய ஒரு செவிலியரை நியூஜெர்சி அரசு மருத்துவமனைக் கூடாரத்தில் அடைத்தது. அவருக்கு நோய் அறிகுறி இல்லை. மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், அதாவது சிடிசி, அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வெள்ளை மாளிகைக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் நியூஜெர்சி உத்தரவை மீற மத்திய அரசு சட்டப்படி எதுவும் செய்யவில்லை. மூன்று நாளில் அவரை மேய்ன் மாநிலத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஆளுநர் வீட்டுக்காவல் கேட்டார். அக்டோபர் 31 அன்று மாநில நீதிபதி ஒருவர் கண்காணிப்பு போதும் என்று முடித்துவைத்தார். ஆக, அவரை விடுவித்தது மத்திய அதிகாரம் அல்ல, மாநில நீதிமன்றம்.

2020இல் வூஹானிலிருந்து அழைத்து வரப்பட்ட 195 அமெரிக்கர்களை கலிபோர்னியாவில் ‘மார்ச்’ என்ற பெயர் கொண்ட விமானப்படைத் தளத்தில் வைத்தபோது இன்னும் விசித்திரம். ஒருவர் தளத்தை விட்டுக் கிளம்பப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர்களைத் தடுக்க மத்திய உத்தரவு எதுவும் இல்லை. அவரை நிறுத்தியது ரிவர்சைடு கவுண்ட்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற ஓர் அமைப்பின், சுகாதார அதிகாரியின் உத்தரவு. மத்திய அரசின் ராணுவத் தளத்தில், மத்திய அரசின் விமானத்தில் வந்தவரை, ஒரு கவுண்ட்டி அதிகாரி. அதன் பிறகுதான் ஜனவரி 31 அன்று 195 பேருக்கும் மத்தியத் தனிமைப்படுத்தல் உத்தரவு வந்தது; ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி ஓர் உத்தரவு போடப்பட்டதில்லை. அடுத்த மாதமே, நோயுற்றவர்களை கோஸ்டா மேசா என்ற ஊரில் ஒரு பழைய காப்பகத்துக்கு மாற்ற மத்திய அரசு முயன்றபோது, அந்த நகராட்சி நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. மத்திய அரசு பின்வாங்கியது. டெக்சாஸின் சான் அன்டோனியோவோ, மத்திய அரசு விடுவித்த ஒருவருக்கு மறுபடி தொற்று தெரிந்ததும், மற்றவர்களை விடாதே என்று வழக்குப் போட்டுத் தோற்றது. ஒரே நோய், ஒரே மாதிரி நகராட்சி, எதிரெதிர் முடிவு. வேறுபாடு எங்கே? கோஸ்டா மேசாவில் மத்திய அரசு எந்தத் திட்டமும் காட்டாமல் அவசரப்பட்டது. சான் அன்டோனியோவில் அது தன் விதிமுறையைப் பின்பற்றியிருந்தது; அந்த மருத்துவ முடிவு சரியா என்று பார்ப்பது தன் வேலையல்ல என்றார் நீதிபதி.

இப்போது டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட்டுக்கு வருவோம். அவர் இரண்டு முறை எல்லையில் நின்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சட்டம் தெளிவாகும். 2020 மார்ச் கடைசியில், நியூயார்க் பகுதியிலிருந்தும் நியூ ஆர்லியன்ஸிலிருந்தும் விமானத்தில் வருவோர் 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்றார். சில நாட்களில் லூசியானாவிலிருந்து சாலை வழியாக வருவோருக்கும் அதே விதி. மாநிலப் போலீஸ் நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்திப் படிவம் நிரப்ப வைத்தது. அமெரிக்கக் குடிமக்களை, தம் நாட்டுக்குள்ளேயே. அந்தக் கட்டுப்பாட்டை அவரேதான் பின்னர் விலக்கிக்கொண்டார். ஏறத்தாழ அதே நாட்களில் ரோட் ஐலண்ட், நியூயார்க் எண் பலகை கொண்ட கார்களை நிறுத்தியது. நியூயார்க் ஆளுநர் வழக்குப் போடுவேன் என்று மிரட்டியதும் எல்லா வெளிமாநிலத்தவருக்கும் என்று மாற்றிக்கொண்டது. பாகுபாடில்லை என்று காட்டிக்கொள்ள அது போதும். அந்த நாட்களில் குடியரசுத் தலைவர் டிரம்ப் நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் மூன்றையும் மத்திய அரசே தனிமைப்படுத்தும் என்று பேசினார். அன்று இரவே வெறும் பயண அறிவுரையாக அது சுருங்கிவிட்டது.

இரண்டாவது முறை 2021 ஜூலை 28. மெக்சிகோ எல்லையில் பிடிபட்டு மத்திய அரசு விடுவித்த குடியேறிகளை, காவல் அதிகாரிகளைத் தவிர வேறு யாரும் வண்டியில் ஏற்றக் கூடாது என்று உத்தரவிட்டார். காரணம் கோவிட். சந்தேகப்பட்டால் மாநிலப் போலீஸ் வண்டியை நிறுத்தலாம், வந்த இடத்துக்கே திருப்பலாம், பறிமுதலும் செய்யலாம். மத்திய அரசு இந்த ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது ஒப்பந்த நிறுவனங்களின் பேருந்துகளில்தான். தங்குமிடம் கொடுப்பவை தொண்டு நிறுவனங்கள். இரண்டு நாளில் மத்திய அரசு வழக்குப் போட்டது. ஆகஸ்ட் 3 அன்று எல் பாசோவின் மத்திய நீதிபதி கேத்லீன் கார்டோன் தடை விதித்தார். மத்திய அரசின் நடவடிக்கையை மாநிலம் கட்டுப்படுத்த முடியாது, குடியேற்றம் மத்திய அரசின் களம் என்பதே அடிப்படை. 2012இல் அரிசோனாவின் குடியேற்றச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் பெருமளவு வெட்டியபோதே இந்தப் பாதை போடப்பட்டுவிட்டது.

என் பார்வையில், சட்டக் கோட்பாட்டைவிட உத்தரவின் உடம்புதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. நோய் தடுப்பு உத்தரவு என்றால் சோதனை இருக்கும், நாள் கணக்கு இருக்கும், தொற்றில்லை என்று தெரிந்தால் விடுவிக்கும் வழி இருக்கும். இதில் எதுவும் இல்லை. பரிசோதித்து நோயில்லை என்று உறுதியானவரும் அந்த வண்டியில் ஏற முடியாது. மறுநாளே அதே ஆளுநர், டெக்சாஸில் எந்த உள்ளூர் அமைப்பும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற தடையை உறுதிப்படுத்தி இன்னோர் உத்தரவு போட்டார். மாட்டின் நோயைப் பார்க்காமல் அது எந்த ஊர் மாடு என்று பார்த்த மிசூரியின் தவறுதான் இது.

ஆனால் வாஷிங்டனைப் பார்த்தாலும் கை சுத்தமில்லை. 2020 மார்ச் 20 அன்று சிடிசி 362ஆம் பிரிவில் உத்தரவு போட்டு, ஆவணமில்லாமல் எல்லைக்கு வருவோரை அடைக்கலம் கேட்கவும் விடாமல் உடனே வெளியேற்ற வழிசெய்தது. சரக்கு லாரிகள் ஓடின. குடிமக்களும் நிரந்தர வசிப்போரும் போய் வந்தார்கள். அவர்களிடம் மட்டும் வைரஸ் ஒட்டாது போலும். சிடிசியின் தனிமைப்படுத்தல் பிரிவுத் தலைவரே அந்த உத்தரவு மேலிருந்து கைக்கு வந்தது என்று பின்னர் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 28 லட்சம் வெளியேற்றங்கள் நடந்தன. ஒரே ஆள் பலமுறை எண்ணப்பட்டதும் இதில் அடக்கம். ஆட்சி மாறியும் பைடன் அரசு அதை ஓராண்டுக்கு மேல் வசதியாக வைத்துக்கொண்டது.

2022 ஏப்ரல் 1 அன்று சிடிசி, மே 23 முதல் உத்தரவு முடிகிறது என்று அறிவித்தது. அரிசோனா, லூசியானா, மிசூரி தொடங்கிவைக்க, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் லூசியானாவின் மத்திய நீதிமன்றத்துக்குப் போயின. அங்கே அவர்கள் எங்களுக்குச் சுகாதார அதிகாரம் இருக்கிறது என்று வாதிடவில்லை. குடியேறிகள் வந்தால் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் எங்களுக்குச் செலவாகும். மத்தியத் துறைகள் விதிகளைச் செய்யும் முறையை வகுக்கும் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி எங்கள் கருத்தைக் கேட்காமல் உத்தரவை விலக்க முடியாது என்றார்கள். மே 20 அன்று நீதிபதி ராபர்ட் சம்மர்ஹேஸ் ஒப்புக்கொண்டு தடை விதித்தார். உத்தரவைப் போடும்போது யார் கருத்தையும் கேட்கவில்லை, அப்போது அவசரம். எடுக்கும்போது மட்டும் ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வை நான் இன்றுவரை ஜீரணிக்கவில்லை. சட்ட நுணுக்கத்தில் அதற்குப் பதில் இருக்கிறது: நெருக்கடி தணிந்துவிட்டது என்று நீயே சொல்கிறாய், அப்படியானால் கருத்துக் கேட்க நேரமில்லை என்று எப்படிச் சொல்கிறாய்? பதில் சாமர்த்தியமானது. ஆனால் விளைவு என்னவென்றால், நோய் முடிந்தது என்பதே நோய்க்கால உத்தரவை நீட்டிக்கும் காரணமாகிவிட்டது.

அதே ஆண்டு நவம்பர் 15 அன்று வாஷிங்டனில் நீதிபதி எம்மெட் சல்லிவன் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். குடியேறிக் குடும்பங்கள் தொடுத்த வழக்கில், டைட்டில் 42 கொள்கையே தகுந்த காரணமில்லாதது என்று ரத்து செய்தார். அரசு ஐந்து வாரம் அவகாசம் மட்டும் கேட்டது. உடனே 19 மாநிலங்கள் எங்களையும் வழக்கில் சேருங்கள் என்று ஓடின. டிசம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று ரத்தை நிறுத்திவைத்தது. மாறுபட்ட நால்வரில் பழமைவாத நீதிபதி கோர்சச்சும் ஒருவர். இப்போதைய எல்லை நெருக்கடி கோவிட் நெருக்கடி அல்ல, ஒரு நெருக்கடிக்குப் போட்ட உத்தரவை வேறொன்றுக்காக நீதிமன்றம் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்று அவர் எழுதியதை நீதிபதி ஜாக்சனும் ஏற்றுக் கையெழுத்திட்டார். நான் படித்தவற்றில் இந்த விவகாரத்தின் மையத்தை நேராகத் தொட்ட பகுதி அதுதான். ஒயிட்டின் தீர்ப்பில் பிரவுன் கேட்ட சாக்குக் கேள்வி, 120 ஆண்டு கழித்து, இம்முறை மத்திய உத்தரவை நோக்கி.

2023 மே 11 அன்று கோவிட் சுகாதார அவசரநிலை முடிந்தபோது டைட்டில் 42 உத்தரவும் முடிந்தது. சில நாட்களில் உச்ச நீதிமன்றம் வழக்கையே பயனற்றதென்று கலைத்துவிட்டது. அதனால் மாநிலங்களுக்கு அப்படி நடுவே நுழைய உரிமை உண்டா என்ற கேள்விக்கு விடை எழுதப்படவே இல்லை.

மத்திய அதிகாரமும் இதற்கிடையில் மெலிந்தது, ஆனால் ஒரு பக்கம்தான். வீட்டு வாடகை பாக்கிக்காக வெளியேற்றத் தடை போட்ட சிடிசி உத்தரவை 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சொகுசுக் கப்பல் விதிகளை புளோரிடாவின் வழக்கும், விமான முகக்கவச விதியை இன்னொரு புளோரிடா நீதிபதியும் வீழ்த்தினார்கள். இவையெல்லாம் 361ஆம் பிரிவு. நாட்டுக்குள் இருப்பவர்களைத் தொடும் அதிகாரம் அது. அதைச் சுருக்க எல்லாரும் ஆர்வமாக இருந்தார்கள். வெளியிலிருந்து வருபவர்களைத் தொடும் 362ஆம் பிரிவில், துன்புறுத்தல் காத்திருக்கும் நாட்டுக்குக் குடும்பங்களை அனுப்ப முடியாது என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 மார்ச்சில் ஒரு வரம்பு வைத்ததோடு சரி. மற்றபடி அது அப்படியே, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி கிடக்கிறது.

ஆகவே அடுத்த முறை ஓர் ஆளுநர் எல்லையில் நோய் என்று கூவும்போது நான் பார்ப்பது மூன்றே விஷயம். தடுக்கப்படுவது ஏற்கெனவே மாநிலத்துக்குள் இருக்கும் ஆளா, மத்திய அரசின் காவலிலோ அதன் பொறுப்பிலோ இருப்பவரா? உள்ளே இருப்பவர் என்றால் மாநிலம் பலமாக நிற்கும், மற்றவர் என்றால் நிற்காது. உத்தரவில் பரிசோதனையும் விடுதலைக்கான வழியும் இருக்கிறதா? இல்லையென்றால் அது சுகாதாரம் பற்றியதல்ல. மாநிலம் தானே உத்தரவு போடுகிறதா, அல்லது மத்திய உத்தரவை எதிர்த்து வழக்கா? வழக்கு என்றால் செலவைக் காட்டி நுழையும் பழைய வாசல் குறுகிவிட்டது. குடியேற்றக் கைதுகளில் யாருக்கு முன்னுரிமை என்ற மத்திய அரசின் முடிவை எதிர்க்க டெக்சாஸுக்கும் லூசியானாவுக்கும் வழக்காடும் தகுதியே இல்லை என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-1 என்று சொல்லிவிட்டது. நாடு முழுவதுக்கும் ஒரே நீதிபதி தடை போடும் வழக்கத்தையும் 2025 ஜூனில் அது சுருக்கியது. நடைமுறைச் சட்டத்தின்படி உத்தரவையே ரத்து செய்யும் வழியை மட்டும் அந்தத் தீர்ப்பு தொடாமல் விட்டிருக்கிறது. மாநில அரசுகளின் வழக்கறிஞர்கள் இனி அந்த வழியாகத்தான் வருவார்கள்.